புதுப்பிப்பு: அந்த ரைபிளின் வயது தெரிந்துவிட்டது

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணி ரைபிள் ஒன்று இரண்டாம் கையாக விற்பனைக்கு வருகிறது, என்ன விலை தகும் என்று முன்பு கேட்டிருந்தேன். மருந்தை இடித்து இறுக்கும் கெஜக்கோலைக் குழலுக்குள் விட்டு, அதே கோலை வெளியே வைத்து ஒப்பிட்டு, உள்ளே மருந்து ஏதும் மிச்சமில்லை என்று உறுதிசெய்தபின் குழலைக் கழற்றியபோது, துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் இத்தாலியின் கார்தோனே சோதனைச்சாலையின் முத்திரையும், சிறு கட்டத்துக்குள் 1979ஆம் ஆண்டைக் குறிக்கும் ‘ஏ.இ.’ எழுத்துகளும் தெரிந்தன. (விற்பவரோ பாட்டனார் காலத்தது என்கிறார்.) ஆகவே தொல்பொருளுக்குரிய விலை இதற்குப் பொருந்தாது. வயதைவிட முக்கியமானது குழலின் உட்புறம். துடைக்காமல் விட்ட கருமருந்துக் கசடு ஈரத்தை ஈர்த்து, குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்களை அரித்துவிடும். இதில் மருந்தறை அருகே குழிகள் தெரிவதால், அவர் கேட்டதில் பாதிக்குமேல் தர மாட்டேன்.