அமைச்சர் சபையில் அளித்த விடையை வைத்து என்ன செய்யலாம்?

வடமராட்சிக் கரையோரன்:

அனைவருக்கும் வணக்கம். பருத்தித்துறைக்குக் கிழக்கே உள்ள ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். இந்திய இழுவைப் படகுகளால் எங்கள் அங்கத்தவர்களின் வலைகள் அறுபட்டுப் போவது பற்றி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் மனுக் கொடுத்தோம். அவரும் அதை வாய்மூல விடைக்கான வினாவாக ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ப்பித்தார். வினா முதன்முறை வந்தபோது கடற்றொழில் அமைச்சின் சார்பில் இரண்டு வார காலம் அவகாசம் கோரப்பட்டது. அடுத்த முறை, விடை நீளமாக இருப்பதால் அதனை வாசிக்காமல் சபாபீடத்தில் வைப்பதாகச் சொல்லிவிட்டு அமைச்சர் அமர்ந்துவிட்டார். சங்க மண்டபத்தில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் எழுந்ததும் இருந்ததும் மட்டுமே தெரிந்தன.

பின்னர், சபை நடவடிக்கைகள் அச்சாகும் ஹன்சாட்டை எடுத்துப் பார்த்தால் விடை சிங்களத்தில் இருந்தது. தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்தறிந்தோம். கடற்படை கைதுகளை மேற்கொள்கிறது, இந்தியத் தரப்புடன் பேச்சு நடைபெறுகிறது, பாதிக்கப்பட்டோரின் விபரங்கள் திரட்டப்படுகின்றன என்பவையே அதன் சாரம். இப்படியொரு விடைக்கு ஏதாவது பெறுமதி உண்டா? அது அமைச்சரைக் கட்டுப்படுத்துமா? இதே விடயத்தை மறுபடியும் கேட்க வைக்க முடியுமா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

செயலாளர் அவர்களுக்கு, நான் நெடுங்காலம் அரசாங்க அலுவலகங்களில் கோப்புகளோடு இருந்தவன் என்ற வகையில், அந்த விடை எங்கே பிறக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

சபையில் அமைச்சர் வாசிக்கும் விடையை அவர் எழுதுவதில்லை. வினா அமைச்சுக்கு வந்ததும் அது திணைக்களத்துக்கு அனுப்பப்படுகிறது. கேட்கப்பட்ட தகவல் மாவட்டத்தில் இருந்தால் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், சில வேளைகளில் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் இறங்குகிறது. அங்கே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஒருவர் பழைய பதிவேடுகளைப் புரட்டி எடுக்கும் எண்கள், வந்த வழியே மேலேறி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல் குறைந்து அல்லது கூடிக் கடைசியில் அமைச்சரின் கைக்குப் போகின்றன. இரண்டு வார அவகாசம் கேட்பதைத் தட்டிக்கழிப்பு என்று எல்லா வேளையும் எண்ண வேண்டாம். தட்டிக்கழிப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கீழேயிருந்து விபரம் வந்து சேராததே பல வேளைகளில் காரணம்.

இதனால்தான் வினாவின் அமைப்பு முக்கியமாகிறது. ‘மீனவர்கள் பெரும் பாதிப்புக்குள்ளாகியுள்ளதை அமைச்சர் அறிவாரா?’ என்று கேட்டால், எந்தப் பதிவேட்டையும் திறக்காமலே ‘ஆம்’ என்று எழுதி, பின்னால் கொள்கை விளக்கம் ஒன்றைச் சேர்த்துவிடலாம். உங்களுக்குக் கிடைத்த விடையின் சாயலைப் பார்த்தால், உங்கள் வினாவும் அவ்வாறே அமைந்திருக்கும் என ஊகிக்கிறேன். எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை முறைப்பாடு, எவ்வளவு தொகை என்று (i), (ii), (iii) ஆகப் பிரித்து, கடைசியில் ‘இன்றேல், ஏன்?’ என்று முடித்தால், ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எதிரே ஏதாவதொன்றை எழுதியே ஆகவேண்டும். எண் இருந்தால் எண் வரும். எண் இல்லையென்றால், அத்தகைய பதிவே பேணப்படவில்லை என்ற உண்மை அமைச்சரின் வாயாலேயே வெளிவரும். சங்கத்துக்கு இரண்டாவது இன்னும் பயன்படக்கூடும்.

மொழி பற்றி ஒரு சொல். சபையில் உடனடி மொழிபெயர்ப்பு நடந்தாலும், ஹன்சாட்டில் ஒவ்வொருவர் பேச்சும் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. ஆகவே விடையின் தமிழ் வடிவத்தை உறுப்பினரின் அலுவலகம் வழியாகக் கேட்டுப் பெறுவதே நடைமுறைக்கு உகந்தது.

நல்லூர் வாசகன்:

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் வினாவைச் செப்பனிட்டால் வலை திரும்பி வந்துவிடுமா? 225 பேர் இருக்கும் சபையில், கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 தேர்தலில் கிடைத்தவை 6 ஆசனங்கள். வினாவுக்கென ஒதுக்கிய நேரத்தில் தெற்கின் பாலமும் மேற்கின் வைத்தியசாலையும் போக எங்களுக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்.

பாடசாலை, வீதி என்று கேட்டால் ‘அது மாகாண சபைக்குரிய விடயம்’ என்ற விடை வேறு தயாராக இருக்கும். வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தலே நடைபெறாததால், அச்சபை கூடிய கைதடியில் கேள்வி கேட்கவோ பதில் சொல்லவோ தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் இல்லை. கடற்றொழில் திணைக்களம் மத்திய அரசின் கீழ் இருப்பதால் உங்களிடம் அந்தச் சாட்டைச் சொல்ல முடியாமற் போயிற்று, அவ்வளவுதான். பேரணி போய் வீதியை மறித்த நாட்களில் கிடைத்த கவனம் ஹன்சாட்டில் ஒரு பக்கம் அச்சானதால் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

சட்ட மாணவி, திருநெல்வேலி:

நல்லூர் அண்ணாவின் சலிப்பு நியாயமானது. இருந்தாலும் பேரணியையும் வினாவையும் ஏன் எதிரெதிரே நிறுத்த வேண்டும் என்று விளங்கவில்லை. வீதியை மறிப்பவர்கள் கையில் அமைச்சரே ஒப்புக்கொண்ட எண் ஒன்று இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அது உதவத்தானே செய்யும்.

செயலாளர் ஐயா கேட்டவற்றுக்கு வருகிறேன். அமைச்சரின் விடை சட்டமாகாது. சபையில் வாக்குறுதி தந்தார் என்பதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் நட்டஈடு பெற முடியாது. ஆனால் சபையை வேண்டுமென்றே பிழையாக வழிநடத்தினால் அது சிறப்புரிமைப் பிரச்சினையாக எழுப்பப்படலாம் என்பதால், அதிகாரிகள் விடையில் பொய்யைவிட மழுப்பலையே விரும்புவார்கள். மழுப்பலை உடைப்பதற்கு மேலதிகக் கேள்வி இருக்கிறது. விடை வாசிக்கப்பட்டதும் அதிலிருந்து எழும் கேள்வியை உறுப்பினர் அங்கேயே கேட்கலாம். விடையைச் சபாபீடத்தில் வைத்துவிட்டால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எதைக் கேட்பது? எனவே அடுத்த முறை விடையை வாசிக்கும்படி வற்புறுத்துமாறு உங்கள் உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அவசரமான விடயமென்றால், சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27(2) இன் கீழ் கட்சித் தலைவர் ஒருவர் சபாநாயகரின் அனுமதியோடு கேள்வி எழுப்பும் வழியும் உண்டு. ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் படகு வழக்குகளை மட்டும் தொடாதீர்கள். வழக்கு விசாரணையில் உள்ளது என்று கூறி முழு வினாவையுமே ஒதுக்க அது இடங்கொடுக்கும்.

இன்னொன்று: ‘விபரங்கள் திரட்டப்படுகின்றன’ என்று விடையில் இருக்கிறதல்லவா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஹன்சாட்டின் அந்தப் பகுதியையும் திகதியையும் சுட்டிக்காட்டி, திரட்டப்பட்ட விபரத்தின் பிரதியைத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். கொடுப்பதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

வடமராட்சிக் கரையோரன்:

மூவருக்கும் நன்றி. தகவல் கோரிக்கையை இவ்வாரமே அனுப்புகிறோம். புதிய வினாவுக்கு நேற்றிரவு நிர்வாகக் குழுவினர் கூடி எழுதிய வரைவு இது:

‘இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து, யாழ்ப்பாண மாவட்டத்தில் அச்சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கை ஆண்டுவாரியாக யாது? வலைச் சேதம் தொடர்பாகத் திணைக்களத்துக்குக் கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை? நட்டஈடு வழங்கப்பட்டதா? இன்றேல், ஏன்?’

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

நல்ல வரைவு. மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்தத் தடை இந்தியப் படகுகளுக்கு மட்டுமன்றி எங்கள் இழுவைப் படகுகளுக்கும் உரியது. வழக்குகளின் எண்ணிக்கையைக் கேட்டால் யாழ்ப்பாணக் குருநகரின் உள்ளூர் இழுவைப் படகுகளும் அந்தக் கணக்குக்குள் வரும். அதற்குச் சங்கம் ஆயத்தமா என்பதைக் கூடித் தீர்மானித்த பின்னர் வினாவை ஒப்படையுங்கள். வெளிநாட்டுப் படகுகளின் அத்துமீறலுக்கு வேறு சட்டம் இருக்கிறது, அதன் கீழான வழக்குகளைத் தனி உட்பிரிவாகக் கேளுங்கள். இரண்டாவது, ‘முறைப்பாடுகள்’ என்பதோடு ‘எழுத்துமூலம் கிடைத்த’ என்று சேருங்கள்; வாய்ச்சொல்லாகச் சொன்னவற்றை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது. மூன்றாவது, நட்டஈடு வழங்கப்பட்டதா என்பதோடு நிறுத்தாமல், எத்தனை பேருக்கு, மொத்தம் எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்று தொடருங்கள்.

உங்கள் அங்கத்தவர்கள் இதுவரை கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளை, திகதி முத்திரையோடு, உறுப்பினரிடம் முன்னரே ஒப்படைத்துவிடுங்கள். திணைக்களத்தின் கணக்கு குறைவாக வந்தால் மேலதிகக் கேள்வியின்போது அவர் கையில் அவை இருக்க வேண்டும்.