காஸ் இருந்தும் அம்மா விறகு அடுப்பை விடமாட்டேன் என்கிறார், இருமலோ நின்றபாடில்லை

கரிசல்காட்டான்:
ஊர் அருப்புக்கோட்டை பக்கம். அம்மாவுக்கு 61 வயது. காஸ் அடுப்பில் டீ போடுவதோடு சரி; சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் கருவேல விறகில்தான். பற்ற வைக்கப் பால் பாக்கெட் கவரைச் சுருட்டிக் கொளுத்துவார், விறகு ஈரமாக இருந்துவிட்டால் ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துவிடும். இரண்டு வருடமாக இருமல், நாலு படி ஏறினால் இளைப்பு. போன வாரம் டாக்டர் ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வீட்டில் யார் பீடி குடிக்கிறாங்க?" என்றார். யாருமே இல்லை. அப்படியானால் அடுப்புப் புகைதான் என்றார். அம்மாவோ "எங்க ஆத்தா எண்பது வயசு வரைக்கும் இதுலதான் ஆக்குச்சு" என்கிறார். கொட்டகையில் ஒரு பக்கம் திறந்துதான் கிடக்கிறது. உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா?

நைட்_டூட்டி:
நான் நர்ஸ். கெடுதல்தான் சகோ. பீடியைத் தொடாத பெண்கள் சி.ஓ.பி.டி.யோடு (மூச்சுக்குழாய் அடைத்து மூச்சு வாங்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) வார்டுக்கு வருவது எங்களுக்குப் புதிதில்லை. கண்ணைக் கரிக்கிற புகையைத்தான் நாம் பார்க்கிறோம், ஆனால் தலைமுடியின் தடிமனில் இருபது முப்பதில் ஒரு பங்கு இருக்கும் துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய் உட்காருகின்றன. கூடவே கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய்ப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு பக்கம் திறந்திருந்து என்ன, குனிந்து ஊதுகிறவர் முகத்துக்கும் அடுப்புக்கும் ஒரு முழம்கூட இருக்காதே. முதலில் அந்தப் பால் கவரை நிறுத்துங்கள், டயாக்சின் என்ற கொடிய நச்சு வரும்.

பழைய_வாத்தியார்:
சின்னத் திருத்தம். டயாக்சின் வர குளோரின் வேண்டும், அது பி.வி.சி. பைப், ஒயர் எரித்தால் வரும். பால் கவர் பாலிதீன், அதில் குளோரின் கிடையாது. அதற்காக எரிக்கலாம் என்று சொல்லவில்லை, அந்தக் கரும்புகையிலும் புற்றுநோய் உண்டாக்கும் சங்கதிகள் இருக்கின்றன.

இன்னொன்று, காஸுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். நம்ம விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காஸ் கொடுத்த வீடுகளில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம், விறகு வீடுகளில் 71. மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2022இல் வந்த முடிவு. உங்கள் அம்மா விஷயம் வேறு, வருடக்கணக்கில் புகையிலேயே நின்றவர். போனது திரும்பாது, மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணூர்வாசி:
இண்டக்ஷன் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று அடுத்து யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், அந்தக் கரண்டுக்கு எங்கள் பக்கம் நிலக்கரி எரிகிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து கிடப்பதை வந்து பாருங்கள். கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த 2015இல் போட்ட விதியிலிருந்து 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள், நல்லதுதான். புகை இடம் மாறுகிறது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

செல்வி_மதுரை:
தம்பி, ஒரேயடியாக அடுப்பை இடித்தால் சண்டைதான் வரும். எங்கள் வீட்டில் விறகு பாதிக்கு மேல் போனது வெந்நீருக்கு. மாடியில் சோலார் ஹீட்டர் வைத்ததும் காலைப் புகை நின்றுவிட்டது. அப்புறம் சோறு குக்கருக்கு வந்தது. கருவாட்டுக் குழம்பு மட்டும் இன்னும் விறகில்தான், அதில் எங்கள் மாமியார் இறங்கி வரவே இல்லை. சிலிண்டர் காசை நீங்களே கட்டிவிடுங்கள். பாதிப் பேர் ருசி என்று சொல்வது காசு கேட்கக் கூச்சப்பட்டுத்தான்.

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா சொன்னது சரி, சிலிண்டருக்கு நான் பணம் போடுகிறேன் என்றதும் சோறு உள்ளே வந்துவிட்டது. பால் கவரை ஒளித்துவைத்தேன், இன்று காலை பனை ஓலையை வைத்துப் பற்ற வைத்தார். ஆத்தா கதையைப் பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். எண்பது வரை இருந்தது உண்மைதானாம், ஆனால் கடைசிப் பத்து வருடம் படுத்தால் மூச்சு வாங்கும் என்று திண்ணையில் சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவாராம்.