பாட்டு ஆராய்ச்சிக்குப் போன இடத்தில்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

உடுக்கைச்சத்தம்:
முனைவர் பட்டத்துக்கு அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டை எடுத்திருந்தேன். பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார், தங்கை தங்கம், கடைசியில் அண்ணன்மார் மடிகிற படுகளம்: கதை எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். காங்கேயம் பக்கம் ஒரு பாடகர், எழுபதைத் தாண்டியவர். கோயிலில் பாடும்போது ஒலிபெருக்கி இரைச்சலில் பதிவு கெட்டுப்போகிறது என்பதால் ஒரு மத்தியானம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே பாடச் சொல்லிக் கேட்டிருந்தேன். பன்றி வேட்டை வரைக்கும் நன்றாகத்தான் போனது. படுகளம் நெருங்கியதும் "இதுக்கு மேல இங்க வேண்டாமுங்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அவருக்கே விட மனசில்லை போல. தங்கம் அண்ணன்களைத் தேடி வருகிற இடத்தைச் சன்னமாக எடுத்தார். எதிர்வாசலில் நிலக்கடலை தொலித்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று எழுந்துவிட்டார். முறம் கீழே கிடக்கிறது, கொண்டை அவிழ்ந்துவிட்டது.

பாடகர் பாட்டை விட்டார், உடுக்கையை விடவில்லை. அடிக்கும் அடிக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. நடுக்கயிற்றை இறுக்கியிருந்த விரல்களைத் தளர்த்தத் தளர்த்தச் சுருதி இறங்கியது. மருமகள் திருநீற்றோடு ஓடினார். அந்த அம்மா உட்கார்ந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் உடுக்கை நின்றது. அருளை வரவழைக்கிற அடியைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. இறக்குகிற அடி முழுசாக என் பதிவில் இருக்கிறது. அதை ஒரு தனி இயலாகவே எழுதினேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத்தேர்வாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "கதை பாதியில் நிற்கிறதே, தரவு முழுமையாக இல்லையே?" அந்த இயலைப் புரட்டியாவது பார்த்தாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஐந்துக்குஐந்து:
நான் இசையமைப்பு மாணவன், களப்பணியெல்லாம் கிடையாது. முதுகலை முடிக்க ஒரு சொந்தப் படைப்பு கொடுக்க வேண்டும். ஈரோட்டுக்காரன், வேறென்ன எடுப்பேன்? அறச்சலூர் இசைக் கல்வெட்டுதான். நாகமலையில் தமிழ் பிராமியில் இருக்கிறதே, அது.

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். நாகஸ்வரம், தவில், செல்லோ மூன்றுக்கும் எழுதி, கொடுமுடிப் பக்கம் ஒரு தவில்காரரிடம் கொண்டுபோனேன். நொட்டேஷன் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாயில சொல்லுங் தம்பி" என்றார். சொன்னேன். தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சுத்திச் சுத்தி வந்துட்டே இருக்குது, முடியறது எங்கீங்?" என்று கேட்டார். கடைசியில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும் என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தவில் எப்படீங் தேயும்?"

அப்புறம் அவரே சொன்னார்: "ஆதி தாளத்துல கண்ட நடை வெச்சுக்குங். எட்டுத் தடவ போட்டா அஞ்சாவது ஆவர்த்தனம் முடிஞ்சு சமத்துல வந்து நிக்கும்." போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு, அதாவது ஆவர்த்தனத்துக்கு, எட்டு அட்சரம்; கண்ட நடையில் அட்சரத்துக்கு ஐந்து மாத்திரை, ஆக 40. கல்வெட்டுச் சொற்கட்டு 25, எட்டுத் தடவை 200, சரியாக ஐந்து சுற்று முடிந்து சமம் என்கிற தாளத் தொடக்கத்தில் விழுகிறது. அவர் சொல்லி முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்திருந்தார். அரங்கேற்றியபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த இடத்தில்தான். இசையமைப்பில் அவர் பெயரையும் சேர்க்கலாமா என்று துறையில் கேட்டேன். "முழுவதும் என் சொந்தப் படைப்பு" என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேண்டுமானால் வாசித்தவர்கள் பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அங்கேதான் இருக்கிறார்.

ஆவணக்காரன்:
முதல் பதிவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். படுகளம் பாடக்கூடாது என்பது அந்தப் பாடகரின் வழக்கமாக இருக்கலாம், பொது விதி கிடையாது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் அதே காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் முழுக் கதையையும் பதிவு செய்திருக்கிறார். ஆகவே தேர்வாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

என் கதை சின்னது. பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபம். கம்பர் பாடியதாகச் சொல்கிற மங்கல வாழ்த்தைக் குடிமகன் (கொங்குக் கல்யாணச் சடங்கு செய்கிற நாவிதர்) பாடிக்கொண்டிருக்கிறார், பக்கத்து மேடையில் மெல்லிசைக் குழுவினர் "ஹலோ மைக் டெஸ்டிங்" என்கிறார்கள். அவர் பாடி முடிக்கிற வரைக்கும் அந்த "ஹலோ" நிற்கவில்லை.

புதிதாகக் களத்துக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். போனில் பதிவு செய்யாதீர்கள், சத்தம் கூடினால் அதுவே அமுக்கிவிடும். தனி ரெக்கார்டரில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மைக்குக்குக் காற்றுத் தடுப்பு கட்டாயம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் எதையும் விட்டுவைக்காது. பம்பை, தப்பட்டை என்றால் மைக்கைத் தள்ளி வையுங்கள். தப்பட்டையைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் ஒரு தடவை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தால் சுருதி வித்தியாசம் கிடைக்கும். அன்றைக்கு இரவே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். சுருதியை அளக்கச் சோனிக் விஷுவலைசர் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவில் பாடியவருக்கு 50 ஆண்டு உரிமை இருக்கிறது. கையெழுத்து இல்லாத பதிவு நாளைக்கு உங்களுக்கே வினையாகும்.

கும்மிக்காரி:
எழுத்தில் ஒப்புதலா? சரி, சொல்கிறேன். தாராபுரம் பக்கம் கும்மிப் பாட்டுப் பாடுகிற ஓர் ஆத்தா. பாடச் சொன்னால் விடிய விடியப் பாடுவார். துறையில் கொடுத்தனுப்பிய படிவம் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். நீட்டியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முத்திரை இருக்கிறதா என்று தேடியிருக்கிறார்! "ஏங் கண்ணு, இது பத்தரமா?" இல்லை ஆத்தா என்றேன். "இப்படித்தான் கொழாய்க்காரனும் சொன்னான், கோபுரத்துக்காரனும் சொன்னான்" என்று மடித்து என் கையிலேயே திணித்துவிட்டார். கெயில் எரிவாயுக் குழாய்க்கும் உயர்மின் கோபுரத்துக்கும் காடு போன ஊரில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? "பாடறேன்னு வாயில சொன்னாப் பத்தாதா?" என்றார். அதையே பதிவில் பேசச் சொல்லி வாங்கினேன். கமிட்டி ஏற்றுக்கொள்ளத் தேர்வுக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. ஆவணக்காரன் அண்ணா, ஒப்புதல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தாளை நீங்கள் ஒருமுறை யாரிடமாவது நீட்டியிருக்கிறீர்களா?

அப்பாரு_தோட்டம்:
நான் மாணவன் இல்லை, மறுபக்கத்து ஆள். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பாடிய தாலாட்டு, ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கிற ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டில் இருக்கிறது. "தகவலாளி 4, பெண், வயது 68" என்று போட்டிருக்கிறார்கள். அம்மிச்சிக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பேர் இல்லாதது பற்றி மூச்சுக்கூட விடவில்லை. நடுவில் ஓர் அடி வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். "இதைய நான் பாடுல. இது பக்கத்தூர்க்காரி பாடற அடி. எனக்கெதுக்கு அவ பாட்டு?" அதோடு மேலே கேட்க மறுத்துவிட்டார். இதை யாருக்கு எழுதித் திருத்துவது?

உடுக்கைச்சத்தம்:
ஆவணக்காரனுக்கு: 1965இல் அந்தக் கதை பாடப்பட்டது இரவு இரவாக, ஊர் சுற்றி உட்கார்ந்திருக்க. நான் கேட்டது மத்தியானம், திண்ணையில், எனக்கு மட்டும். இரண்டும் ஒன்று என்றால் என்னத்தைச் சொல்வது.

பெரியமேளம்:
தவில் குடும்பத்து ஆள் நான். கல்வெட்டுத் தம்பிக்கு: எட்டுத் தடவை என்பது சமத்துக்கு வருகிற கணக்கு, அவ்வளவுதான். முடிப்பதென்றால் மூன்று தடவைதானே போட வேண்டும்? சமத்திலிருந்து ஓர் அட்சரம் தள்ளி எடுங்கள். முன்னால் 5, மூன்று தடவை 75, மொத்தம் 80. இரண்டு ஆவர்த்தனத்தில் கச்சிதமாக விழும். அவருக்கு இது தெரியாமல் இருக்காது. நீங்கள் முடியறது எங்கே என்று திருப்பிக் கேட்கிறீர்களா என்று பார்த்திருப்பார்.

ஐந்துக்குஐந்து:
படைப்பை சமர்ப்பித்தாயிற்று அண்ணா, இனி மாற்ற விடமாட்டார்கள். ஆனால் ஒன்று, அரங்கேற்றத்தன்று நான் எழுதாத ஓர் இடத்தில் ஓர் அட்சரம் விட்டு எடுத்து மூன்று தடவை போட்டார். செல்லோக்காரர் தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார்.