லட்ஸ் நழுவுவது எந்த இடத்தில்? மதுரை ஸ்கேட்டிங் ஆட்களின் அனுபவப் பகிர்வு

நாகமலை நாலுசக்கரம்

நம்ம ஊர்ல குவாட் ஸ்கேட் (முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு சக்கரம் வச்சது) போட்டு ஆர்ட்டிஸ்டிக், அதாவது ஜம்ப், ஸ்பின்னோட ஆடுற ஸ்கேட்டிங் கத்துக்கிற பிள்ளைங்க பெரும்பாலும் ஒரே இடத்துல நிக்கிறாங்க. சால்காவ், டோ லூப்ங்கிற ஜம்பெல்லாம் வந்துடுது. லட்ஸ்ங்கிற ஜம்பை ஆரம்பிச்சா அது ஃபிளிப்ங்கிற வேற ஜம்பா மாறிடுது. ஐஸ்ல ஆடுற பெரிய ஆட்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பார்த்தவங்க, சொல்லிக்கொடுக்கிறவங்க தெரிஞ்சதை எழுதுங்க.

முதல்ல அடிப்படை. இடப்பக்கமாச் சுத்துறவங்களுக்கு ரெண்டு ஜம்புமே பின்னோக்கிப் போய், இடது கால்ல நின்னு, வலது டோ ஸ்டாப்பரை (ஸ்கேட் முனையில இருக்கிற ரப்பர் கட்டை) ஊன்றி எழும்புறதுதான். ஃபிளிப்புக்கு இடது கால் இன்சைடு எட்ஜ்ல (பாதம் உள்பக்கம் சாஞ்சு) இருக்கணும், லட்ஸுக்கு அவுட்சைடு எட்ஜ்ல (வெளிப்பக்கம் சாஞ்சு). லட்ஸ்ல கால் போற வளைவு ஒரு பக்கம், உடம்பு சுத்த வேண்டியது எதிர்ப்பக்கம். அதனாலதான் கடைசி நொடியில கணுக்கால் உள்பக்கம் சாயுது. பாதிப் பேருக்கு இதுக்குக் காரணம் வலது கால். அது இடது குதிகாலுக்கு நேர் பின்னால போய் ஊன்றணும். அகலமா வெளியே வீசி ஊன்றினா இடுப்பு திறந்துடும், இடுப்பு திறந்தா இடது கணுக்கால் தானா உள்ளே விழும். கணுக்காலைத் திருத்தச் சொல்லித் திட்டுறதுல பிரயோஜனம் இல்லை, ஊன்றுற இடத்தைத் திருத்துங்க.

தரையில சாக்பீஸால பெரிய வளைவு போட்டு, அதுல இடது அவுட்சைடு எட்ஜை அசையாமப் பிடிக்கிறது முதல் பயிற்சி. இடது கை முன்னால, வலது கை பின்னால. அப்புறம் எழும்பாம ஸ்டாப்பரை மட்டும் தொட்டு எடுக்கணும். அதுக்குப் பிறகு அரைச் சுத்து மட்டும் சுத்தி முன்னோக்கி இறங்கணும். இந்த மூணும் சுத்தமா வராம முழுச் சுத்துக்குப் போகாதீங்க.

திருப்பாலை ட்ரக்

அண்ணே சொன்னது சரி. ஆனா பிள்ளை மேல தப்பே இல்லாத கேஸும் நிறைய இருக்கு, ஸ்கேட்ல தப்பு இருக்கும்.

குவாட்ல எட்ஜுங்கறது ட்ரக், அதாவது ரெண்டு சக்கரத்தைத் தாங்குற அச்சு, சாயறது. ட்ரக்குக்குள்ள இருக்கிற ரப்பர் குஷன் அமுங்கினாத்தான் அது சாயும். பெரியவங்க எடைக்குன்னு வர்ற கெட்டியான குஷன் 25, 30 கிலோ பிள்ளைக்கு அமுங்கவே அமுங்காது. பிள்ளை எவ்வளவு சாஞ்சாலும் சக்கரம் நேராவே போகும். அவுட்சைடு கிடைக்காத பிள்ளை வேற வழியில்லாம இன்சைடுல எழும்பும். நடு போல்ட்டு நட்டை நாலு ட்ரக்லயும் ஒரே அளவா, தடவைக்குக் கால் சுத்து மட்டும் தளர்த்திப் பாருங்க. வேகத்துல ஸ்கேட் தடதடன்னு ஆடினா அளவு தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அப்போ நட்டைப் பழையபடி வச்சுட்டு மெத்து குஷன் வாங்கி மாத்துங்க. நட்டை ஓரம் வரைக்கும் தளர்த்தி விடுறது ஆபத்து, ஓட்டத்துல கழண்டுடும். நீளம் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டபிள் ஸ்கேட்ல ட்ரக் சாயறதே கம்மி. அதுல லட்ஸ் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

டோ ஸ்டாப்பர் நீளமா இருந்தா பின்னோக்கி வரும்போது தட்டிவிடும், உள்ளே போயிருந்தா ஊன்றும்போது வழுக்கும். எட்டுச் சக்கரமும் தரையில இருக்கும்போது ஸ்டாப்பருக்குக் கீழ ஒரு விரலுக்கு மேல, ரெண்டு விரலுக்குள்ள இடைவெளி இருந்தா சரியா வருது. பூட்ஸ் மட்டும் ‘வளர்ற பிள்ளை’ன்னு பெருசா வாங்காதீங்க. உள்ளே குதிகால் தூக்கினா எந்த எட்ஜும் நிக்காது.

கே.கே.நகர் ரசிகன்

ஐஸ் பக்கம் இருந்து எழுதுகிறேன். ஜப்பானின் கவோரி சகமோட்டோ 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மகளிர் ஐஸ் ஸ்கேட்டிங் உலக சாம்பியன். அவருடைய லட்ஸில் நடுவர்கள் எட்ஜ் குறை போட்ட போட்டிகள் பல. டிரிபிள் ஆக்ஸல் (முன்னோக்கி எழும்பி மூன்றரைச் சுற்று) அவர் கையிருப்பிலேயே இல்லை. வேகத்தையும், அந்த வேகம் குறையாமல் இறங்கும் பெரிய டபுள் ஆக்ஸலையும் வைத்து ஜெயித்தார். லட்ஸ் வரவில்லை என்று பிள்ளையை ஒதுக்குகிறவர்கள் அவர் ஆட்டத்தை ஒரு முறை முழுதாகப் பார்க்க வேண்டும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் போட்டி மதிப்பெண் பட்டியலில் டிரிபிள் லட்ஸின் (மூன்று சுற்று) அடிப்படை மதிப்பு 5.90. தெளிவாகத் தப்பான எட்ஜில் எழும்பினால் 80 சதவீதம்தான், அதாவது 4.72. கால் சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குள் குறைந்து இறங்கினாலும் அதே 4.72. அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் டபுளாகவே எண்ணுவார்கள். சுற்று முழுதாக முடிந்து விழுந்துவிட்டால்? தரத்துக்கு மைனஸ் 5, அதாவது அடிப்படை மதிப்பில் பாதியான 2.95 போகும். விழுந்ததற்குத் தனியாக 1 போகும். மிஞ்சுவது 1.95. சுத்தமாக ஆடிய டபுள் லட்ஸ் 2.10! ஆக்ஸலிலும் இதே கதை: விழுந்த டிரிபிள் 3.00, சுத்தமான டபுள் 3.30. எந்த ஜம்பைப் போட்டியில் வைப்பது என்று தடுமாறுகிறவர்களுக்கு இந்தக் கழித்தல் போதும். ரோலருக்குப் பட்டியல் வேறு, இதை அப்படியே தூக்கி அங்கே வைக்க வேண்டாம்.

எட்ஜ் பார்க்கக் கண் பழக வேண்டுமென்றால் இளையோருக்கான ஐஸ் ஸ்கேட்டிங் தொடரான ஜூனியர் கிராண்ட் பிரீ போட்டிகளை யூடியூப்பில் இலவசமாகவே பார்க்கலாம். சீனியரில் ஜப்பானில் நடக்கும் என்.எச்.கே. டிராபி நமக்கு வசதி. அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே பிற்பகல் 3.30.

ஐயர் பங்களா அம்மா

ஸ்பான்சர் விஷயம் யாரும் தொடலையே. சிலர் “ஆக்ஸல் வந்தாத்தான் பேனர்ல போடுவாங்க”ன்னு பிள்ளையை அவசரப்படுத்துறாங்க. கடைக்காரங்களுக்கு ஆக்ஸலும் தெரியாது, லட்ஸும் தெரியாது. அவங்க பார்க்கிறது ரெண்டுதான்: பிள்ளை விழாம முடிக்குதா, முடிச்சதும் நிமிர்ந்து பார்க்குதா. ஸ்கேட்டிங்னதும் அவங்க மனசுல வர்றது வேகப் பந்தயம். நம்ம தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் 2025ல உலக சாம்பியன் ஆனது ஸ்பீடு ஸ்கேட்டிங்ல. ஆர்ட்டிஸ்டிக் வேற பிரிவுன்னு முதல் வரியிலேயே சொல்லிடணும், இல்லைன்னா “எத்தனை செகண்டு?”ன்னு கேட்பாங்க.

கையில கொண்டுபோக ஒரே ஒரு தாள் போதும். பிள்ளையின் வயசு, பிரிவு, மாவட்ட மாநிலச் சான்றிதழ் விவரம், வருஷச் செலவு. செலவை பூட்ஸ், சக்கரம், பயிற்சிக் கட்டணம், பயணம்னு பிரிச்சுக் காட்டுங்க. மொத்தமா ஒரு தொகை கேட்டா தயங்குறாங்க, “ஒரு செட் சக்கரம்”னு கேட்டா கை நீட்டுறாங்க. கூடவே 40 நொடி வீடியோ. அதுல ஸ்பின் முதல்ல வரட்டும், ஜம்ப் பின்னால வரட்டும். ஸ்பின்னு பார்க்கிறவங்க யாருக்கும் புரியும். அரசுப் பக்கம் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கலாம், சான்றிதழெல்லாம் ஸ்கேன் பண்ணித் தயாரா வச்சுக்கோங்க.

கே.கே.நகர் ரசிகன்

அக்கா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஜப்பானின் ஐஸ் ஸ்கேட்டர் யூசுரு ஹன்யூ 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நாலரைச் சுற்று ஆக்ஸலை முயன்று விழுந்தார், நான்காம் இடம்தான் கிடைத்தது. ரசிகர் கூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. 2023 பிப்ரவரியில் டோக்கியோ டோமில் தனி ஆளாக ஐஸ் ஷோ நடத்தினார். அந்த ஆக்ஸலைப் போட்டியில் முதலில் சரியாக இறக்கியது அமெரிக்காவின் இலியா மலினின், 2022 செப்டம்பரில். இருவரையுமே நான் கொண்டாடுகிறேன். ஆனால் விளம்பரத்துக்கு ஆளைக் கொண்டுவருவது ஜம்பின் எண் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க மாட்டேன்.

திருநகர் ஸ்லோமோ

பேச்சு ஆக்ஸலுக்கு வந்துட்டதால அளக்கிற முறையைச் சொல்றேன். ஃபோனை நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன்ல வைங்க. கடைசிச் சக்கரம் தரையை விட்ட ஃபிரேமிலிருந்து முதல் சக்கரம் தொட்ட ஃபிரேம் வரை எண்ணி 240ஆல வகுத்தா காத்துல இருந்த நேரம். 96 ஃபிரேம்னா 0.4 நொடி, உயரம் சுமார் 20 செ.மீ. 120 ஃபிரேம்னா 0.5 நொடி, 30 செ.மீ. உயரம் ஒன்றரை மடங்கு ஆனாலும் நேரம் கால் பங்குதான் கூடுது பாருங்க. அதனால “இன்னும் உயரமா குதி”ன்னு கத்துறதைவிட கையை நெஞ்சோட சீக்கிரம் சேர்க்கச் சொல்றது பலன் தரும். ஆக்ஸல் மட்டும் முன்னோக்கி எழும்புற ஜம்ப், அரைச் சுத்து கூடுதல். அதுல பிள்ளைங்க செய்யற தப்பு, எழும்புறதுக்கு முன்னாடியே தோளைத் திருப்பிடுறது. தோள் முந்தினா இடுப்பு பின்தங்கும், உடம்பு சாஞ்சபடியே மேல போகும்.

லட்ஸுக்கு கேமராவை வேற மாதிரி வைக்கணும். பிள்ளை பின்னோக்கி வர்ற பாதையின் முடிவுல, எழும்புற இடத்துக்கு அஞ்சு மீட்டர் தள்ளி, கணுக்கால் உயரத்துல. வலது ஸ்டாப்பர் தரையைத் தொடுற அந்த ஃபிரேம்ல நிறுத்தி இடது ட்ரக் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க. அதுக்கு முன்னாடி இருந்த அழகான அவுட்சைடு எட்ஜைப் பார்த்து ஏமாறாதீங்க.

ஐயர் பங்களா அம்மா

ஒரு கேள்வி தம்பி. பள்ளி ஆண்டு விழா மேடையில ஆடச் சொல்றாங்க. வழவழன்னு டைல்ஸ். வெளியே சிமெண்ட் கோர்ட்டுல ஓட்டுற அதே சக்கரம் போதுமா?

திருப்பாலை ட்ரக்

நான் சொல்றேன்க்கா. சிமெண்டுக்குப் போடுற 80ஏ, 85ஏ (இது சக்கரத்தோட கெட்டித்தன்மை எண்) மெத்துச் சக்கரம் சுத்தமான வழவழப்புத் தரையில அழுந்திப் பிடிக்கும். சால்காவ்ல எழும்பும்போது கால் திரும்பணும், சக்கரம் திரும்பாம நின்னா முழங்காலுக்குப் போயிடும் திருகு. அதே டைல்ஸ்ல கொஞ்சம் தூசி இருந்தா எந்தச் சக்கரமும் வழுக்கும். முதல்ல ஈரத்துணியால துடைச்சு நல்லா காயவிடுங்க. உள்ளரங்குக்குன்னு வர்ற 50டி வரிசைக் கெட்டிச் சக்கரம் ஒரு செட் கிடைச்சா மாத்திடுங்க. மாத்தினா சக்கர நட்டை இறுக்கிட்டு, பக்கவாட்டுல ஆடாம லேசாச் சுத்துற அளவுக்குத் தளர்த்துங்க. பேரிங் பெரும்பாலும் 608 அளவு, ஒரு ஜோடி ஸ்கேட்டுக்கு 16. மணல் சத்தம் வந்தா மண்ணெண்ணெய்ல அலசிக் காயவச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.

டைல்ஸ்ல டோ ஸ்டாப்பர் ஊன்றுற ஜம்ப் எதுவும் வேண்டாம்க்கா, இணைப்புல தட்டும். வால்ட்ஸ் ஜம்ப் (முன்னோக்கி எழும்பி அரைச் சுத்து) ஒண்ணு, நிமிர்ந்த ஸ்பின் ஒண்ணு, மீதி கால்வேலை. மேடை ஓரத்துலேருந்து ரெண்டு மீட்டர் உள்ளே சாக்பீஸ் கோடு போட்டு, அதைத் தாண்டாம ஆட ஒரு நாள் முன்னாடியே பழக்கிடுங்க.