லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போச்சு, எது வாங்கணும்? அவசரம்

சுண்டல்:
லேப்டாப் ஆன் பண்ணா கறுப்பு ஸ்க்ரீன்ல ஏதோ இங்கிலீஷ்ல வருது, அதோட நின்னுடுது. கடையில ஹார்ட் டிஸ்க் போச்சுன்னுட்டாங்க. நானே வாங்கி மாட்டிக்கலாம்னு இருக்கேன். எது வாங்கணும்? திங்கக்கிழமை வேலை இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

கரிசல்:
என்ன லேப்டாப்?

மூணாவது மாடி:
எதுவா இருந்தா என்ன, இனிமே ஹார்ட் டிஸ்க் பக்கமே போகாதீங்க. என்விஎம்இ எஸ்எஸ்டி போடுங்க, சுத்துற தட்டே இல்லாத சிப் டிஸ்க், ரொம்ப வேகம். என்னோடதுல கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள விண்டோஸ் வந்துடுது.

கரிசல்:
அதைச் சொருகுற எம்.2 ஸ்லாட் இருக்கான்னே தெரியாம எப்படிங்க போடுறது?

வெள்ளரிப்பிஞ்சு:
டிஸ்க்கை போர்டோட இணைக்கிற சாட்டா கேபிள் லூஸ். எழுதி வேணா தர்றேன். கழட்டி மாட்டுங்க.

நல்லூரான்:
தம்பி, ஸ்கிரீனில என்ன எழுதி வருது எண்டதை அப்படியே போடுங்கோ. டிஸ்க்கில டக் டக் எண்டு சத்தம் கேக்குதோ? கேட்டால் திரும்பத் திரும்ப ஓன் பண்ணாதேங்கோ, உள்ள இருக்கிற படங்களும் போயிடும்.

ஸ்க்ரூடிரைவர்:
மாசம் ரெண்டு பேராவது இப்படி வந்துடுறாங்க. டாக்டர்கிட்ட போய் "வலிக்குது, மாத்திரை குடுங்க"ங்கிற மாதிரி. லேப்டாப்பைக் கவுத்துப் பாருங்க, அடியில ஸ்டிக்கர் இருக்கும். படிக்க வரும்னு நம்புறேன்.

சுண்டல்:
திங்க்பேட் எக்ஸ்220. அண்ணன் குடுத்தது. சத்தம் வருது. 1 டிபி போட்டா எடுக்குமா?

ஸ்க்ரூடிரைவர்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். 2011 மாடல், என்விஎம்இ கதையே கிடையாது. 2.5 இன்ச் சாட்டா வாங்குங்க. தடிமன் 7 மில்லிமீட்டர்தான் இருக்கணும். 9.5 வாங்கினீங்கன்னா வாசல்லயே நின்னுடும். வெள்ளரிப்பிஞ்சு, அந்த மெஷின்ல கேபிளே இல்ல, டிஸ்க் நேரா போர்டுல போய்ச் சொருகிக்கும். ஒரே ஒரு ஸ்க்ரூ, பக்கவாட்டு மூடி, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற ரப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, புதுசுக்கும் அதுதான்.

மூணாவது மாடி:
சின்ன கார்டு மாதிரி எஸ்எஸ்டி சொருகுற எம்சாட்டா ஸ்லாட் இருக்குமே அதுல?

ஸ்க்ரூடிரைவர்:
இருக்கு. ஆனா அது செகண்டுக்கு 3 ஜிகாபிட். டிஸ்க் இடம் 6. எதுக்கு வேகத்தை விடணும்?

கரிசல்:
1 டிபி தாராளமா எடுக்கும். 2 டிபி தாண்டினாத்தான் எம்பிஆர் வம்பு, டிஸ்க்கைப் பிரிக்கிற அந்தப் பழைய முறைக்கு அதுக்கு மேல கண்ணு தெரியாது. விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டும், பயந்துடாதீங்க.

வெள்ளரிப்பிஞ்சு:
இதைத்தான் கொள்ளைங்கிறேன். பெட்டியில 1 டிபி, உள்ள 931. மீதி 69 யார் வீட்டுக்குப் போச்சு?

கரிசல்:
எங்கயும் போகல. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024ஆ எண்ணுது.

வெள்ளரிப்பிஞ்சு:
அப்ப விண்டோஸ் தப்பா எண்ணுது!

மூணாவது மாடி:
மேக்ல 1 டிபின்னேதான் காட்டும்.

கரிசல்:
அரிசி அதேதாங்க. ஒருத்தர் பெரியபடியில அளக்கிறார், ஒருத்தர் சின்னப்படியில அளக்கிறார்.

வெள்ளரிப்பிஞ்சு:
காசு மட்டும் பெரியபடிக்கு வாங்குறாங்களே. அது கிடக்கட்டும், பழைய டிஸ்க்கைப் பாலிதீன்ல சுத்தி ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வைங்க, உயிர் வந்துடும்.

நல்லூரான்:
ஐயோ, அதை மட்டும் செய்யாதேங்கோ. வெளியில எடுத்தவுடன ஈரம் பிடிச்சு மிச்சமும் போயிடும். பிள்ளை என்ன கேட்டது, நீங்கள் என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறியள்? தம்பி, பழசில இருக்கிறது வேணுமோ வேண்டாமோ? வேணுமெண்டால் அதை இனி ஓட விடாமல் டேட்டா மீட்கிற ஆக்களிட்டக் குடுங்கோ.

மூணு நாள் கழித்து.

சுண்டல்:
சென்னை ரிச்சி தெருவுல 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிட்டேன். பெட்டியில ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருந்துச்சு, அதையும் ஒட்டித் தள்ளினா உள்ள போகல. பிச்சு எடுத்தேன், போயிடுச்சு. ஓடுது. நன்றி.

ஸ்க்ரூடிரைவர்:
அது 7ஐ 9.5 ஆக்குற சட்டம். என்ன சொன்னேன் நான்?

நல்லூரான்:
நல்லது தம்பி. படங்கள் என்னாச்சு?