எர்த் சரியாக இருந்தும் ஹைட்ராலிக் ஃபில்டருக்குள் மின்பொறி வருவது ஏன்?

பவர்பேக் பராமரிப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் பெரிய இயந்திரம் ஒன்றில் 46 கிரேடு ஹைட்ராலிக் எண்ணெயை மாற்றும்போது, வழக்கமான எண்ணெய்க்குப் பதிலாகத் துத்தநாகம் சேராத புதிய வகை எண்ணெயை ஊற்றினோம். எண்ணெய் ஓட்டத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வுகளின் நலன் கருதி, எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் இருந்த 10 மைக்ரான் எலிமென்டை (ஃபில்டருக்குள் உள்ள வடிகட்டும் பாகம்) எடுத்துவிட்டு 3 மைக்ரான் கண்ணாடி இழை எலிமென்டையும் அப்போதே பொருத்தினோம். அதன்பின், காலையில் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியதும் ஃபில்டர் ஹவுசிங்குக்குள் 'டிக், டிக்' என்ற சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. எண்ணெய் சூடேறியதும் நின்றுவிடுகிறது. எலிமென்டைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தபோது, மடிப்புகளில் ஊசிமுனை அளவிலான கறுத்த ஓட்டைகள் தெரிந்தன.

இது நிலைமின்சாரம்தான் என்று எண்ணெய் வழங்குபவர் கூறுகிறார். ஆனால் ஹவுசிங், டேங்க், பம்ப் அனைத்தும் எர்த்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அளந்து பார்த்ததில் மின்தடை 1 ஓமுக்கும் குறைவு. இன்னொரு எர்த் குழி போடலாம் என்பது மேலாளரின் யோசனை. அது பயன் தருமா? ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றும் லைனிலும் இதுபோன்ற நுண்ணிய ஃபில்டர் ஒன்று உள்ளது. அங்கும் இந்த ஆபத்து உண்டா?

எண்ணெய் ஆய்வகம்:

வணக்கம் நண்பரே. இன்னொரு எர்த் குழியால் எந்தப் பயனும் கிடைக்காது. நிலைமின்னூட்டத்தைக் கடத்துவதற்கு எர்த் பாதையின் மின்தடை 10 இலட்சம் ஓம் வரை இருந்தாலே போதும். உலோக இணைப்புகள் பழுதின்றி இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகத்தான் 10 ஓம் என்ற அளவை வைத்திருக்கிறார்கள். உங்களிடம் 1 ஓமுக்கும் குறைவாக உள்ளது. எர்த் கம்பி உலோகத்தில் உள்ள மின்னூட்டத்தை மட்டுமே இறக்கும். எண்ணெயின் நடுவிலும் கண்ணாடி இழையின் மேலும் தேங்கி நிற்கும் மின்னூட்டத்தை அதனால் தொட முடியாது. அந்த மின்னூட்டம் எண்ணெய் வழியாகவே உலோகச் சுவரை வந்து அடைய வேண்டும், அதற்கு எண்ணெய் ஓரளவேனும் மின்சாரத்தைக் கடத்த வேண்டும்.

எண்ணெயில் மிகச் சிறு அளவில் அயனிகள் எப்போதும் உண்டு. எண்ணெய் ஒரு திடப்பொருளை உரசிச் செல்லும்போது ஒரு குறியுள்ள அயனிகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ள, எதிர்க்குறியுள்ளவை ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படுகின்றன. வெறும் குழாயில் இது சிறிய அளவில் நடக்கிறது. ஃபில்டர் எலிமென்டிலோ எண்ணெய் தொடும் பரப்பு மிகப் பெரியது, துளைகள் மிகச் சிறியவை. ஆகவே குழாயில் உண்டாவதைப்போல் 10 முதல் 200 மடங்கு வரை மின்னூட்டம் உருவாகலாம் என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 2003 வழிகாட்டி கூறுகிறது. இழை ஒருவகை மின்னூட்டத்தையும் எண்ணெய் மற்றொன்றையும் பெறுகின்றன. இழையில் சேர்வது தாங்கும் அளவை மீறும்போது, அருகிலுள்ள உலோக வலைக்கோ நடுக்குழாய்க்கோ பாய்கிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். அந்த ஓட்டைகளும் அதனால் எரிந்தவையே.

இப்போது ஏன் தொடங்கியது என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே இரண்டு காரணங்கள் உள்ளன. துத்தநாகம் கலந்த பழைய தேய்மானத் தடுப்புச் சேர்மம் எண்ணெயின் கடத்துதிறனையும் உயர்த்தி வந்தது. புதிய எண்ணெயில் அது இல்லை. மேலும் அதன் அடிப்படை எண்ணெய் ஹைட்ரஜன் கொண்டு நன்கு சுத்திகரிக்கப்பட்ட வகையாக இருந்தால், கந்தகம், அரோமாட்டிக் போன்ற கடத்தும் தன்மைக்கு உதவும் சேர்மங்களும் நீங்கியிருக்கும். அதோடு எலிமென்டை 3 மைக்ரானாக மாற்றியதால் உராயும் பரப்பும் கூடிவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால் விளைவு உடனே தெரிந்தது. எண்ணெய் சூடேறும்போது கடத்துதிறன் உயர்வதால்தான் சத்தம் காலையில் மட்டும் கேட்கிறது.

கடத்துதிறனை மீட்டருக்கு இத்தனை பிக்கோசீமென்ஸ் என்று அளப்பார்கள். 20 டிகிரி வெப்பநிலையில் அது 400-க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை தேவை என்பது ஃபில்டர் துறையில் வழங்கும் வரம்பு. தோராயமாக 20 என்ற எண்ணை அந்த மதிப்பால் வகுத்தால், மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தணிய எத்தனை வினாடி ஆகும் என்பது கிடைக்கும். 400 உள்ள எண்ணெயில் அது 0.05 வினாடி, 5 மட்டுமே உள்ள எண்ணெயில் 4 வினாடி. உங்கள் ரிட்டர்ன் லைனில் ஃபில்டரைத் தாண்டிய எண்ணெய் ஒரு வினாடிக்குள் டேங்கை அடைந்துவிடும் என்றால், மின்னூட்டத்தோடுதான் டேங்கிலும் விழுகிறது. எனவே முதலில் எண்ணெயின் கடத்துதிறனை அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரோ, மின்காப்பைச் சோதிக்கும் மெகரோ இதற்கு உதவாது. எரிபொருள் சோதனைக்குப் பயன்படும் தனிக் கருவி தேவை.

சத்தத்தை விட எண்ணெய்க்கு நேரும் கேடுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒவ்வொரு பொறியும் அந்த இடத்தில் எண்ணெய் மூலக்கூறுகளை உடைக்கிறது. அதனால் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் விரைவாகக் குறைந்து, வார்னிஷ் எனப்படும் பிசின் போன்ற படிவு உருவாகிறது. சர்வோ வால்வுகளைக் காக்கப் போட்ட ஃபில்டரே அந்த வால்வுகளின் ஸ்பூலில் (உள்ளே நகரும் உருளைத் தண்டு) வார்னிஷ் ஒட்டக் காரணமாகிவிடும். வார்னிஷ் உருவாகும் போக்கை அறிய ஏஎஸ்டிஎம் டி 7843 சோதனை உள்ளது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்குச் செய்வதுபோல் கரைந்த வாயுக்களையும் பாருங்கள். அசிட்டிலீன் தென்பட்டால் பொறி பறந்தது உறுதியாகும்.

டிப்போ பாதுகாப்பு:

டீசல் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். ஹைட்ராலிக் எண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை (அதன் ஆவி பொறி பட்டால் தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) பொதுவாக 200 டிகிரிக்கு மேல் இருப்பதால், அங்கே இழப்பு ஃபில்டரோடும் எண்ணெயோடும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. டீசலில் அப்படி இருந்துவிட முடியாது. இந்தியத் தரநிலையின்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். வெயிலில் காயும் டேங்கின் மேற்பகுதி அந்த அளவை எளிதில் எட்டிவிடும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரநிலை) டீசல் வந்து, கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. கந்தகத்தை நீக்கும் முறையே கடத்துதிறன் தரும் பிற சேர்மங்களையும் நீக்கிவிடுகிறது.

பெட்ரோல் இருந்த பாத்திரத்தில் டீசலை நிரப்புவது அனைத்திலும் கொடியது. டீசல் மின்னூட்டத்தைக் கொண்டு வருகிறது, பெட்ரோலின் எஞ்சிய ஆவி எரியக் காத்திருக்கிறது. 2003 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கிளென்பூல் என்ற ஊரில், முன்பு பெட்ரோல் இருந்த பெரிய சேமிப்புத் தொட்டி ஒன்று டீசல் நிரப்பும்போது வெடித்துத் தீப்பிடித்தது. அளவுக்கு மீறிய வேகத்தில் நிரப்பியதால் உண்டான நிலைமின்சாரப் பொறியே காரணம் என்று அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. ஆகவே பெட்ரோலோ தின்னரோ இருந்த பேரலில் உங்கள் ஜெனரேட்டர் டீசலை ஒருபோதும் பிடிக்காதீர்கள்.

ஃபில்டரைத் தாண்டிய எரிபொருள் டேங்கில் விழுவதற்கு முன், எர்த் செய்யப்பட்ட உலோகக் குழாய்க்குள் குறைந்தது 30 வினாடி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடும் லைனில் 30 வினாடி என்றால் 30 லிட்டர் கொள்ளும் இடம் வேண்டும். 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே கொள்ளும். குழாயை மட்டும் நம்பினால் சுமார் 60 மீட்டர் நீளம் தேவைப்படும். அதனால்தான் ஃபில்டருக்குப் பின் 30 லிட்டர் உலோக அறை ஒன்றை வைக்கிறார்கள். அந்த அறை எப்போதும் டீசலால் நிரம்பியிருக்க வேண்டும், உள்ளே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. நிரப்பும் குழாயை டேங்கின் அடிவரை இறக்குங்கள். அதன் வாய் டீசலில் மூழ்கும்வரை வேகம் வினாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன லைனில் வேகம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், தொடக்கத்தில் வால்வைப் பாதி மூடியே ஓட்ட வேண்டியிருக்கும்.

பவர்பேக் பராமரிப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. எர்த் குழி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். விமான எரிபொருளில் நிலைமின்சாரத்தைத் தணிக்கும் மருந்து கலப்பதாகப் படித்திருக்கிறேன். அதை ஹைட்ராலிக் எண்ணெயிலும் கலக்கலாமா? அல்லது பழைய 10 மைக்ரான் எலிமென்டுக்கே திரும்பிவிடலாமா?

எண்ணெய் ஆய்வகம்:

நீங்களாகக் கலக்க வேண்டாம். ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளில் அந்த மருந்து சேர்க்கப்படும்போது கடத்துதிறன் மீட்டருக்கு 50-க்கும் 600-க்கும் இடைப்பட்ட பிக்கோசீமென்ஸாக இருக்க வேண்டும் என்று வரையறை உண்டு; அதை அளந்து கட்டுப்படுத்த முறையான ஏற்பாடும் உண்டு. ஹைட்ராலிக் எண்ணெயில் அத்தகைய சேர்மம் தண்ணீர் பிரிவதையும் காற்றுக் குமிழி வெளியேறுவதையும் கெடுக்கக்கூடும். எண்ணெய் தயாரிப்பாளர் எழுத்து மூலம் சம்மதம் தந்தால் மட்டுமே அந்தப் பக்கம் செல்லுங்கள்.

10 மைக்ரானுக்குத் திரும்பினால் சத்தம் குறையலாம். ஆனால் சர்வோ வால்வுக்குத் தேவையான தூய்மையை இழப்பீர்கள் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே 3 மைக்ரானில் பெரிய எலிமென்ட் போடுங்கள், அல்லது இரண்டு ஃபில்டர்களை இணையாக அமைத்து ஓட்டத்தைப் பிரியுங்கள். பரப்பின் ஒவ்வொரு பகுதி வழியாகவும் செல்லும் எண்ணெய் குறைந்தால் மின்னூட்டமும் குறையும். காலையில் முழு ஓட்டத்தைத் தொடங்கும் முன் எண்ணெயைச் சிறிது சூடேற்றுவது செலவில்லாத உதவி. இவற்றுக்கும் அடங்காவிட்டால், இழை அடுக்குகளுக்கிடையே கடத்தும் வலை வைத்துத் தயாரிக்கப்படும் எலிமென்ட்கள் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால், அந்த வலையிலிருந்து எண்ட் கேப் (எலிமென்டின் முனை மூடி) வழியாக ஹவுசிங் வரை மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்; நடுவில் ரப்பர் ஓ-ரிங் மட்டுமே தொடர்பாக இருந்தால் வலை தனித்து நின்று, அதுவே பொறியின் புதிய இடமாகிவிடும்.

எலிமென்டை அடுத்த முறை கழற்றும்போது பம்பை நிறுத்திச் சில நிமிடங்கள் விட்டுத் திறவுங்கள். ஓட்டைகள் விழுந்த பழைய எலிமென்டை எறிந்துவிட வேண்டாம். எண்ணெய் மாதிரியோடு அதையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால், பொறி எந்த அடுக்கிலிருந்து எங்கே பாய்ந்தது என்று பார்த்துச் சொல்வார்கள்.