படம் இல்லாத இடத்தில் வந்த இசை

உவர்மலை

பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் விடிந்துவிடும். அதனால் பாட்டு வேண்டாம். படத்தின் பின்னணி இசை, ரீ-ரெக்கார்டிங் என்கிறோமே, அது மட்டும். படம் பார்க்காத நேரத்தில், நினைக்காத இடத்தில் அது உங்களைப் பிடித்து நிறுத்தியிருந்தால், நம் திருகோணமலை ஆட்கள் அவரவர் இடத்தின் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

இந்த மாதம் முழுக்க நான் கேட்பது ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’. 2013இல் வந்தது, பாட்டே கிடையாது. இயக்குநர் மிஷ்கின் டைட்டிலில் பின்னணி இசை என்று போடாமல் ‘முன்னணி இசை’ என்று இளையராஜாவின் பெயரைப் போட்டார். அன்று பார்த்தபோது இது கொஞ்சம் அலட்டல் என்றுதான் நினைத்தேன்.

போன கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். பஸ் நிலையப் பக்கமிருந்து நடந்து வருகிறேன், காதில் அதுதான் ஓடுகிறது. நம் ஊர் மான்களைத் தெரியும்தானே. பகலில் கடை வாசலில் வாழைப்பழத் தோலுக்கும் கடதாசிப் பெட்டிக்கும் நிற்பவை, இரவில் ரோட்டைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கியதுபோலப் படுத்திருக்கும். அன்றும் பதினைந்து இருபது படுத்திருந்தன. ஒரு ஆட்டோ வந்தது. ஹோர்ன் அடிக்காமல், வேகத்தைக் குறைத்து, வளைந்து போனது. கொம்பு மான் ஒன்று மட்டும் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. காதில் வயலின் கூட்டம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விட்டுவிட, கீழே ஒரு தந்தி மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். முடியும் வரை அது நின்றது, நானும் இருந்தேன்.

படத்தில் அந்த இடத்தில் என்ன காட்சி என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. இனி அந்த இசைக்கு எனக்கு மான்தான். மிஷ்கின் போட்ட பெயர் சரிதான் என்று இத்தனை வருடம் பிந்தி ஒப்புக்கொள்கிறேன்.

கிண்ணியா

எங்கள் வீட்டில் மானுக்குப் பதில் ஒரு கசட் ரெக்கோடர். பாலம் வராத காலம். பட்டரி வாங்குவதற்கும் ‘பாதை’ என்கிற மிதவையேறித்தான் டவுனுக்கு வரவேண்டும். அதனால் வாப்பா அதைச் சும்மா ஓட விடமாட்டார். வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்களே, ஒரு முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்கு வெட்டி ஒட்டி, அதற்கு மட்டும் வெளியே வரும். ரேடியோவை மேசையில் வைத்து, ரெக்கோடரை அதற்கு முன்னால் வைத்து, சிவப்புப் பட்டனையும் மற்றப் பட்டனையும் சேர்த்து அமத்துவார். ஒரு மணி நேரம் யாரும் மூச்சு விடக் கூடாது. கோழி கத்தினாலும் எங்களுக்குத்தான் ஏச்சு.

அப்படிப் பதிந்த ‘மூன்றாம் பிறை’தான் எங்கள் வீட்டுப் படம். ஒருவரும் பார்த்ததில்லை, எல்லாருக்கும் பாடம். வசனம் நிற்கிற இடத்தில்தான் எங்கள் வேலை தொடங்கும், ஏனென்றால் அங்கே இசை மட்டும் வரும், என்ன நடக்கிறது என்று நாங்களே முடிவு செய்யவேண்டும். இசை இறங்கினால் இருட்டிவிட்டது. புல்லாங்குழல் வந்தால் மலை. கடைசியில் ஸ்டேஷன். ரயில் சத்தம், கமல் ‘விஜி, விஜி’ என்று கூப்பிடுகிறார், நடுவில் ஏதோ பாத்திரம் அடிபடுகிற சத்தம். அந்தப் பாத்திரம் என்ன என்பதில் வீட்டில் பெரிய வழக்கு. உம்மா சொன்ன தீர்ப்பு: பிள்ளைக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறான், ஓடி வந்த அவதியில் அது கொட்டிப்போயிற்று. மௌத்தாகும் வரை உம்மா அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை.

நான் படத்தைப் பார்த்தது பல வருடம் கழித்து. சட்டியைத் தலையில் வைத்துக் குரங்கு போல ஆடிக்காட்டுகிறார், விஜிக்குத் தன் ஞாபகம் வரட்டும் என்று. உலகமே அழுத காட்சி. எனக்கு அழுகை வரவில்லை. சோறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ‘மூன்றாம் பிறை’யை எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழி ஆள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய ‘வீடு’ படத்திலும் பாட்டு இல்லை. 1988. அதில் வரும் இசை அந்தப் படத்துக்கென்று போட்டதும் இல்லை, இளையராஜா 1986இல் தனியாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்தது. பாதி கட்டிய வீட்டுக்குள் தாத்தா தனியாக நடந்து பார்ப்பாரே, அந்த இடம். கூரை ஏறாமல் நின்ற வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்தக் காட்சியில் இசையை யாராவது நிறுத்தினால்கூட எனக்குக் கேட்கும்.

உவர்மலை

கிண்ணியா நானா, உம்மாவின் முடிவுதான் எனக்கும் பிடித்திருக்கிறது. அந்தக் கசட் இன்னும் இருக்கிறதா?

இரவு ரயில்

நான் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு தரம் இரவு ரயில். நித்திரை வராது, போனில் படம். ஒரு தரம் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஓடிக்கொண்டிருந்தது. நல்ல படம்தான், ஆனால் நம் பேச்சு என்று அவர்கள் பேசும்போது எனக்கு ஒவ்வொரு தரமும் கல் கடிபடும். கல்லோயா சந்தியில் ரயில் குலுங்கி நின்றது. பக்கத்து ஆள் பையை இறக்கும்போது என் இயர்போன் வயரில் பட்டது. அடுத்த நிமிடம் படத்தில் யாருக்கும் குரல் இல்லை. வாய் அசைகிறது, சொல் இல்லை. இசை மட்டும் எங்கோ கோயில் மண்டபத்துக்குள்ளிருந்து வருவதுபோல வருகிறது.

போன் பழுது என்று நினைத்தேன். பார்த்தால் பிளக் அரைவாசி வெளியே நிற்கிறது, அவ்வளவுதான். இதற்குக் காரணத்தை அப்புறம் ஒரு ரேடியோ திருத்துகிற அண்ணை சொன்னார். இரண்டு காதுக்கும் பொதுவான எர்த் தொடுப்பு விட்டுப்போகிறது. அப்போது இடது பக்கத்திலும் வலது பக்கத்திலும் ஒரே அளவாக இருக்கும் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். வசனத்தை எப்போதும் நடுவில்தான் வைப்பார்கள், அதனால் அது போய்விடும். இரண்டு பக்கமும் வேறுவேறாக விரித்து வைத்த வயலினும் எதிரொலியும் மிஞ்சும்.

தத்துப் பிள்ளை அமுதா தன்னைப் பெற்ற தாயைக் காணும் கடைசிக் காட்சியை அப்படியே பார்த்தேன். பிள்ளை கேட்கும் ஒரு கேள்வியும் காதில் விழவில்லை. தாய் சொல்லாத பதிலும் விழவில்லை. தலைப்புப் பாட்டின் மெட்டு தண்ணீருக்குள் போட்டதுபோல வந்து வந்து போனது. ரகுமானுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. விருது கொடுத்தவர்கள் பாட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். நான் கல்லோயாவில் வைத்து இன்னொன்றைப் பின்னணி இசைக்குக் கொடுத்தேன்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: மிக மெல்ல இழுக்கவேண்டும், அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஒன்றும் கேட்காது. வயர் இல்லாத இயர்போன் வைத்திருப்பவர்கள் பாவம்.

நிலாவெளி

நான் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறேன். அங்கே கரையோரத்தில் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் திரியும். ஆளை ஒன்றும் செய்யாது, நம்மைக் கண்டால் அதுதான் ஓடும். ஒரு நாள் வெள்ளைக்காரர் ஆறு பேர். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள். நான் சும்மா ‘டூ... டும்’ என்று முனகினேன். இரண்டே சுரம். பின்னால் இருந்த பெரியவர் காலை எடுத்துப் படகுக்குள் வைத்தார். அப்புறம்தான் சிரித்தார். மொழி தெரியாத ஒரு ஆளின் காலை இரண்டு சுரத்தால் தூக்கவைக்கலாம் என்றால் ஜான் வில்லியம்ஸ் என்ன ஆள்!

அந்த இரண்டு சுரம் அவர் ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்துக்குப் போட்டது, 1975. இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் இறங்கினால் பழுதாகிக்கொண்டே இருந்ததாம். அதனால் முக்கால்வாசி நேரம் சுறா வரவேண்டிய இடத்தில் இசைதான் வரும். பொடியன்கள் இரண்டு பேர் அட்டைச் செட்டையை வைத்து ஆட்களை ஏமாற்றும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே அந்த இசை வராது. பொய்ச் சுறாவுக்கு இசை இல்லை.

எங்கள் அப்பா கரைவலைக்காரர். வலை கரைக்குக் கிட்ட வர வர வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டு இறுகும், கடைசியில் இரண்டு சொல்தான் மிஞ்சும். அதனால் எனக்கு ‘ஜாஸ்’ கேட்டால் பயத்தோடு பசியும் வரும்.

கன்னியா வீதி

எல்லாரும் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அனிருத் பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. நான் எடுக்கிறேன்.

2022 ஜூன், ‘விக்ரம்’. பெற்றோல் வரிசைக் காலம். மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் மூன்று பேர் தியேட்டருக்குப் போனோம். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர். படம் தொடங்கினால் இரவு ரயில் அண்ணாவின் பிளக் கதைதான், ஆனால் தியேட்டர் அளவில். திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கர் செத்துவிட்டது. வசனம் வருவது அதில்தானே. கமலும் விஜய் சேதுபதியும் கிணற்றுக்குள் நின்று கதைப்பதுபோல இருக்கிறது, பக்கத்து ஸ்பீக்கரில் இசை மட்டும் இடி மாதிரி. சனம் ‘சவுண்ட், சவுண்ட்’ என்று கத்தியது. இடைவேளையில் போய்ச் சொன்னோம். ஜெனரேட்டர் ஓடுவதே பெரிய காரியம், இருந்து பாருங்கள் என்றார்கள்.

இருந்து பார்த்தோம். அன்றுதான் நான் அந்த இசையைக் கேட்டேன். சத்தம், சத்தம் என்று நீங்கள் சொல்லும் அந்த அடிக்குக் கீழே சின்னச் சின்னச் சங்கதிகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. வசனம் இருக்கும்போது அவை காதுக்கு எட்டுவதில்லை. இரண்டாம் முறை நல்ல தியேட்டரில் பார்த்தேன், கதை விளங்கியது. இசை முதல் நாள் போல இல்லை.

உட்துறைமுக வீதி

கன்னியா வீதித் தம்பிக்கு: அடுக்கு இருப்பது சரி. என் குறை அடுக்கில் இல்லை, இடைவெளியில். ஆள் நடந்தால் இசை, நின்றால் இசை, கண்ணாடியைக் கழற்றினால் இசை. 1954இல் ‘அந்த நாள்’ ஒரு பாட்டும் இல்லாமல் வந்தது, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் செத்த ஸ்பீக்கருக்குள் இருந்துகொண்டு இசையைக் கேட்ட காதுக்கு என் மரியாதை.

நான் ஓய்வுபெற்ற ஆள், மாலையில் வேலை துறைமுகத்தைப் பார்ப்பது. மாவு ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வரும் நாளில் கதிரையை வெளியே போட்டுவிடுவேன். மலை போன்ற கப்பலை இரண்டு இழுவைப் படகுகள் மெல்லத் திருப்பும், திரும்புகிறது என்பதே தெரியாது. ஒரு நாள் பேரன் என் காதில் எதையோ மாட்டிவிட்டுப் போனான். யொஹான் ஸ்ட்ராஸின் நீல டனூப் வால்ட்ஸ். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் விண்கலம் சுழன்று சுழன்று நிலையத்தைச் சேருமே, அதே இசை. கப்பல் தாளம் பிடித்துத் திரும்பிற்று என்றால் நம்பமாட்டீர்கள். நங்கூரம் விழுந்தது மட்டும் கொஞ்சம் முந்திவிட்டது.

இதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டு. அந்தக் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் நம் கடலில் முக்குளித்த ஆள். 1956இல் அவரும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் கோணேசர் மலைக்குக் கீழே இறங்கி, போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். வில்சன் பிறகு ‘ரன்முத்து தூவ’ எடுத்தார். 1962, சிங்களத்தின் முதல் வண்ணப் படம், கடலடிக் காட்சிகள் நம் ஊரில் எடுத்தவை, இசை அமரதேவ. ‘2001’க்கோ அலெக்ஸ் நோர்த் என்பவர் முழு இசையும் எழுதிக் கொடுத்திருந்தார். இயக்குநர் குப்ரிக், படத்தை வெட்டி ஒட்டும்போது தற்காலிகமாகப் போட்டுப் பார்த்த பழைய இசைத்தட்டுகளையே வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது நோர்த்துக்குப் படம் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவர் எழுதியது பின்னாளில் தனித் தொகுப்பாக வந்தது. கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு என் கப்பல் திரும்பவில்லை. பாவம் மனுசன்.

இரவு ரயில்

ஐயா, அடுத்த கோதுமைக் கப்பல் எப்போது? லீவு போடவேண்டும்.

கிண்ணியா

உவர்மலைத் தம்பி கசட்டைக் கேட்டிருந்தார். அலுமாரிக்கு மேலே பிஸ்கட் தகரத்தில் இருந்தது. உறையில் வாப்பாவின் கையெழுத்து, ‘மூ.பிறை’, கீழே ‘அழிக்கக் கூடாது’. ரெக்கோடர் எப்போதோ போய்விட்டது. டவுனில் ஒரு கடையில் பழைய டெக் ஒன்று கிடைத்தது, ஹெட்டைத் துடைக்கவே அரை மணி நேரம். ஒலிநாடா ஒரு இடத்தில் பூஞ்சணம் பிடித்து ஒட்டியிருந்தது. பென்சிலைப் போட்டு மெல்ல மெல்லச் சுற்றி எடுத்தேன்.

பாதிக்குமேல் இரைச்சல்தான். கோழி இரண்டு இடத்தில் கத்துகிறது. வசனம் அரைகுறை, இசை பரவாயில்லை. கடைசிப் பக்கம், ஸ்டேஷன். ரயில் வருகிறது, ‘விஜி, விஜி’, பாத்திரம் அடிபடுகிறது, இசை எழும்புகிறது. அந்த இசைக்கு மேலே, மைக்குக்கு மிகக் கிட்டத்தில் உம்மா: “அல்லாஹ்வே, சோத்தக் கொட்டிட்டானே.” வாப்பா “ஸ்ஸ்ஸ்” என்கிறார். ரயில் போகிறது.